வீடு தேடி வருவது மாத்திரை மட்டும் இல்லை

'மக்களைத் தேடி மருத்துவம்' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடுதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு இதைத் தொடங்கியதிலிருந்து அதிகம் பேசப்பட்டதும் அதுவே. ஆனால் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டு வாங்க வேண்டிய இன்னும் இரண்டு சேவைகள் இதில் உண்டு: இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி), நோய் ஆதரவு சிகிச்சை. என்னைக் கேட்டால், மாத்திரையைவிட இவைதான் பெரிய உதவி. மாத்திரையை வாங்கிவர யாரையாவது அனுப்பலாம். பிசியோதெரபிக்கு நோயாளியேதான் போயாக வேண்டும்.

முதலில் மாத்திரை. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார். அளவு கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார். அங்கே டாக்டர் பார்த்து மருந்து எழுதியபின் வீட்டுக்கு வரத் தொடங்கும். 45 வயதைத் தாண்டியவர்களும் நடமாட முடியாதவர்களும் இதில் முக்கியமாகக் கணக்கில் வருகிறார்கள். காசு கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஏற்கெனவே தனியார் டாக்டரிடம் காட்டி மருந்து சாப்பிடுகிறவர் என்றால், அந்தச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் கட்டாயம் காட்டுங்கள். அரசு தரும் பிரஷர் மாத்திரை அட்டையில் 'அம்லோடிபின்' என்று மருந்தின் பெயரே இருக்கும். கடையில் வாங்கியதில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும், அம்லோடிபின் என்பது பொடி எழுத்திலும் இருக்கும். இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று போட்டால் பிரஷர் தேவைக்கு மேல் இறங்கும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். அந்த வயதில் ஒரு தடவை விழுந்தாலே இடுப்பெலும்பு உடையலாம்.

அடுத்து இயன்முறை சிகிச்சை. பக்கவாதம் வந்து ஒரு கை, கால் இழுத்துக்கொண்டவர்கள், எலும்பு முறிந்து படுத்து எழுந்தவர்கள், மூட்டுவலியால் வாசல்படி தாண்டாதவர்கள் ஆகியோருக்கு இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பார். அவரால் தினமும் வர முடியாது. அதனால் அவர் வரும் நேரத்தில் வீட்டில் ஒருவர் பக்கத்திலேயே நின்று, எந்த அசைவு, எத்தனை தடவை, எங்கே பிடித்துக்கொள்வது என்று கற்றுக்கொள்வது நல்லது. மீதி நாட்களில் செய்யவைப்பது வீட்டில் இருக்கும் அந்த ஒருவர்தானே.

நோய் ஆதரவு சிகிச்சை என்றாலே கடைசிக் கட்டம் என்று பயந்து சிலர் வேண்டாம் என்கிறார்கள். அப்படி இல்லை. புற்றுநோய் வலியில் இருப்பவர்களுக்கும், நீண்டநாள் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் பயிற்சி பெற்ற செவிலியர் வீட்டுக்கு வந்து செய்யும் பராமரிப்பு இது. படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுவது, சிறுநீர்க் குழாயைக் கவனிப்பது, வலிக்கு வழி சொல்வது எல்லாம் இதில் அடக்கம். பார்த்துக்கொள்கிறவருக்கும் சொல்லித்தருவார்கள்: படுத்திருப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது, முதுகும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது போன்றவை. சிவப்போடு கண்டுபிடித்தால் புண்ணாகாமல் தடுத்துவிடலாம்.

சிறுநீரகம் செயலிழந்து வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் இத்திட்டத்தில் கிடைக்கும்.

சரி, எப்படிச் சேர்வது? உங்கள் பகுதிக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ சொன்னால் போதும். யாரும் வரவில்லை என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், நகரமானால் நகர்ப்புற சுகாதார நிலையத்தில், நோயாளியின் நிலையைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். நோயாளி நேரில் போக முடியாத நிலையில் வீட்டில் யாராவது பழைய சீட்டுகளோடு போய் பேசலாம். விவரம் கேட்க 104 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பேச்சு குழறுவது போன்றவற்றுக்கு இந்தத் திட்டத்தின் ஆட்கள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அப்போது 108தான். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் செலவும் இதில் வராது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு அதற்கென முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தனியாக இருக்கிறது. அந்தக் காப்பீட்டு அட்டையை அவசரம் வருவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.