அன்மவுன்ட் செய்யும் முன் தாய் மவுன்ட்டைப் பாருங்கள்

லினக்ஸ் சர்வரில் ஒரு சிஎச்ரூட் (வேறொரு அடைவையே ரூட்டாகக் கொண்டு நிரல்களை ஓட்டும் சூழல்) அமைத்து, ஹோஸ்டின் /டெவ் அடைவை அதற்குள் ஆர்பைண்ட் செய்வது, அதாவது உள்ளே இருக்கும் மவுன்ட்களோடு சேர்த்து அங்கேயும் தெரியச் செய்வது, அன்றாட வேலை. வேலை முடிந்ததும் சிஎச்ரூட்டில் இருக்கும் அந்த /டெவ்-ஐ அன்மவுன்ட் செய்யப் பார்ப்பார்கள். கெர்னல் 'பிஸி' என்று மறுக்கும். உடனே மைனஸ் எல் சேர்த்து லேசி அன்மவுன்ட் (பயன்பாட்டில் இருந்தாலும் கழற்றிவிடுவது) கொடுத்துவிடுவார்கள். கட்டளை சத்தமில்லாமல் முடியும். ஆனால் டெர்மினல்களுக்கான மவுன்ட்டான ஹோஸ்டின் /டெவ்/பிடிஎஸ் அதோடு சேர்ந்து கழன்றிருக்கும். ஏற்கெனவே திறந்த டெர்மினல்கள் ஓடிக்கொண்டே இருப்பதால் அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. அடுத்து யாராவது எஸ்எஸ்எச் வழியாக நுழையும்போது டெர்மினல் ஒதுக்க முடியவில்லை என்று வரும்.

கையில் ஒரு ரூட் ஷெல் திறந்திருந்தால் அதை மூடாதீர்கள். டெவ்பிடிஎஸ் கோப்பு முறைமையை ஜிஐடி 5, மோட் 620 கொடுத்து /டெவ்/பிடிஎஸ்-இல் மீண்டும் மவுன்ட் செய்தால் புதிய டெர்மினல்கள் திறக்கும். அதே லேசி அன்மவுன்ட்டில் /டெவ்/எஸ்எச்எம் போன்றவையும் போயிருக்கும். அவற்றையும் பார்க்க வேண்டும்.

இது கெர்னலின் பிழை அல்ல. 2002-இல் 2.4.19 பதிப்பில் மவுன்ட் நேம்ஸ்பேஸ் (ப்ராசஸ்களுக்கெனத் தனி மவுன்ட் பட்டியல்) வந்தபோது ஒவ்வொரு நேம்ஸ்பேஸும் முற்றிலும் தனித்தனி. ஹோஸ்டில் ஒரு சிடியைப் போட்டால், அதை ஒவ்வொரு நேம்ஸ்பேஸிலும் தனியாக மவுன்ட் செய்ய வேண்டியிருந்தது. இந்த அளவுக்குப் பிரிவினை தேவையில்லை என்று கண்டு, 2005-இல் கெர்னல் நிரலாளர் அல் வீரோ, மவுன்ட்கள் தங்களுக்குள் பரவ வழிசெய்யும் ஷேர்டு சப்ட்ரீ வடிவமைப்பை முன்வைத்தார். ராம் பாய் அதை எழுதி முடிக்க, 2.6.15-இல் அது கெர்னலுக்குள் வந்தது.

வடிவமைப்பு சின்னது. ஒவ்வொரு மவுன்ட்டுக்கும் ஒரு பரவல் வகை உண்டு. அது கோப்பு முறைமையின் பண்பு அல்ல, மவுன்ட்டின் பண்பு. ஒரே பியர் குரூப்பை (ஒன்றுக்கொன்று பிரதியான மவுன்ட்களின் குழுவை) சேர்ந்த ஷேர்டு மவுன்ட்களில் ஒன்றின் கீழ் நடக்கும் மவுன்ட்டும் அன்மவுன்ட்டும் மற்ற எல்லாவற்றிலும் நடக்கும். ஸ்லேவ் தன் மாஸ்டரிடமிருந்து வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. பிரைவேட் வாங்குவதும் இல்லை, தருவதும் இல்லை. அன்பைண்டபிள் என்பது பிரைவேட்தான். கூடவே, அதை பைண்ட் செய்யவும் முடியாது.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு மவுன்ட்டின் வகை, அதன் கீழ் நடப்பவற்றுக்குத்தான் பொருந்தும். அதையே கழற்றுவதற்குப் பொருந்தாது. /எம்என்டி/தரவு என்பதை அன்மவுன்ட் செய்யும்போது அது பரவுமா என்பதை முடிவு செய்வது /எம்என்டி இருக்கும் தாய் மவுன்ட். /எம்என்டி/தரவு மட்டும் பிரைவேட் ஆக இருந்து தாய் ஷேர்டு ஆக இருந்தால், அன்மவுன்ட் எல்லாப் பியர்களுக்கும் போகும். மேலே சொன்ன சிஎச்ரூட்டில் நடந்ததும் இதுவே. ஆர்பைண்ட் செய்ததால் சிஎச்ரூட்டின் /டெவ், ஹோஸ்டின் /டெவ்-க்குப் பியர் ஆகிவிட்டது. பிடிஎஸ்-க்குத் தாய் அந்த /டெவ். எனவே ஒரு பக்கம் கழற்றினால் மறுபக்கமும் கழலும்.

தீர்வு ஒரே வரி: ஆர்பைண்ட் செய்த கையோடு, அந்த இடத்துக்கு 'மேக்-ஆர்ஸ்லேவ்' கொடுங்கள். முன்னால் இருக்கும் 'ஆர்' முக்கியம். அது இல்லாமல் கொடுத்தால் மேல் மவுன்ட் மட்டும் மாறும், உள்ளே இருப்பவை ஷேர்டாகவே நிற்கும்.

'நான் எதையும் ஷேர்டு ஆக்கவில்லையே' என்று தோன்றலாம். கெர்னலின் இயல்புநிலை பிரைவேட்தான். ஆனால் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி, பூட் ஆகும்போதே ரூட் முழுவதையும் ஷேர்டு ஆக்கிவிடுகிறது. ஷேர்டு தாயின் கீழ் புதிதாக மவுன்ட் செய்வதும் ஷேர்டாகவே பிறக்கும். ஆகவே இன்றைய டிஸ்ட்ரோக்களில் நீங்கள் தொடும் ஏறக்குறைய எல்லாமே ஷேர்டு. ஒரு நிரலைப் புதிய நேம்ஸ்பேஸில் ஓட்ட உதவும் யூட்டில்-லினக்ஸின் அன்ஷேர் கட்டளை இதை அறிந்து, 2.27 பதிப்பிலிருந்து புதிய நேம்ஸ்பேஸில் எல்லாவற்றையும் பிரைவேட் ஆக்கித் தருகிறது. சி நிரலில் நேரடியாக அன்ஷேர் சிஸ்டம் கால் அழைத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அடுத்த வரியிலேயே ரூட்டை ஆர்ஸ்லேவ் அல்லது ஆர்பிரைவேட் ஆக்குவது உங்கள் பொறுப்பு. ரூட் மவுன்ட்டை மாற்றும் பிவட்-ரூட் அழைப்பு காரணம் புரியாமல் ஈஇன்வால் ('செல்லாத உள்ளீடு') பிழை கொடுத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியதும் இதையே: தாய் மவுன்ட் ஷேர்டாக இருந்தால் கெர்னல் அதை அனுமதிக்காது.

சரிபார்க்க ஃபைண்ட்எம்என்டி கட்டளையில் டார்கெட், ப்ராபகேஷன் என்ற இரண்டு நெடுவரிசைகளைக் கேளுங்கள். எந்தக் குழு என்று தெரிய /ப்ராக்/செல்ஃப்/மவுன்ட்இன்ஃபோ-வைப் பார்க்க வேண்டும். ஆறாவது புலத்துக்கும் ஹைஃபனுக்கும் நடுவில் 'ஷேர்டு:23', 'மாஸ்டர்:1' என்பதுபோல இருக்கும். எண் ஒன்றாக இருந்தால் ஒரே குழு. எதுவும் இல்லையென்றால் பிரைவேட். வரியின் இரண்டாவது எண், தாய் மவுன்ட்டின் ஐடி.

எல்லாவற்றையும் பிரைவேட் ஆக்கிவிட்டால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். அதில் வேறொரு தொல்லை. கன்டெய்னர் தொடங்கும்போது ஹோஸ்டில் ஒரு டிஸ்க் மவுன்ட் ஆகியிருந்து, அதன் பிரதி கன்டெய்னரின் நேம்ஸ்பேஸில் பிரைவேட்டாகத் தங்கிவிட்டால், பிறகு ஹோஸ்டில் அன்மவுன்ட் வெற்றிகரமாக முடியும். டிஸ்க் மட்டும் விடுபடாது. டிஸ்கை ஃபார்மட் செய்யும் எம்கேஎஃப்எஸ் 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுக்கும். திறந்த கோப்பு எதுவும் இல்லாததால், அவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் எதையும் காட்டாது. எல்லா ப்ராசஸ்களின் மவுன்ட்இன்ஃபோவிலும் அந்த டிவைஸின் பெயரை கிரெப் செய்து, கிடைக்கும் பிஐடியின் மவுன்ட் நேம்ஸ்பேஸுக்குள் என்எஸ்என்டர் மூலம் நுழைந்து அன்மவுன்ட் செய்ய வேண்டும். ஸ்லேவ் ஆக இருந்திருந்தால் ஹோஸ்டின் அன்மவுன்ட் உள்ளேயும் போயிருக்கும். குழப்பம் வரும் இடத்தில் ஸ்லேவைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொன்று: பரவல் பின்னோக்கிப் போகாது. முதலில் மவுன்ட் செய்துவிட்டுப் பிறகு தாயை ஷேர்டு ஆக்கினால், ஏற்கெனவே இருக்கும் பிரதிகளில் அந்த மவுன்ட் தோன்றாது. வகையை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஷேர்டு மவுன்ட்கள் பெருகவும் செய்யும். ரூட் ஷேர்டாக இருக்கையில், ஒரு அடைவை இன்னொன்றின்மேல் திரும்பத் திரும்ப 20 முறை பைண்ட் செய்தால் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை இரட்டிப்பாகி 10,48,576 மவுன்ட்கள் உருவாகும். இதைத் தடுக்கத்தான் 4.9 கெர்னலில் எஃப்எஸ் மவுன்ட்-மேக்ஸ் வரம்பு வந்தது. இயல்பு மதிப்பு 1,00,000, நேம்ஸ்பேஸ் ஒன்றுக்கு. டிஸ்கில் இடம் இருந்தும் மவுன்ட் கட்டளை 'இடம் இல்லை' என்றால் மவுன்ட்களை எண்ணிப் பாருங்கள். ரூட்டையே பல பயனர் அடைவுகளுக்குள் ஆர்பைண்ட் செய்யும் அமைப்புகளில் அந்த இலக்குகளை அன்பைண்டபிள் ஆக்கினால் ஒன்றுக்குள் ஒன்று நகலாவது நின்றுவிடும்.

டாக்கரில் பைண்ட் மவுன்ட்டின் இயல்புநிலை ஆர்பிரைவேட். குபெர்நெட்டீஸில் பரவலே இல்லாத நன், ஹோஸ்டிலிருந்து உள்ளே மட்டும் பரவும் ஹோஸ்ட்டுகன்டெய்னர், இருபுறமும் பரவும் பைடைரக்ஷனல் என மூன்று. பைடைரக்ஷனல் ப்ரிவிலேஜ்டு கன்டெய்னருக்கு மட்டுமே கிடைக்கும். கன்டெய்னர் உள்ளே செய்த மவுன்ட்டை நிற்கும்போது தானே கழற்றாவிட்டால் அது நோடில் (கன்டெய்னர் ஓடும் ஹோஸ்டில்) தங்கிவிடும். ஸ்டோரேஜ் டிரைவர்களுக்கு இது தேவை. சாதாரண அப்ளிகேஷன் பாட் (கன்டெய்னர்களின் தொகுதி) ஒன்றில் இதைக் கண்டால் ஏன் என்று கேளுங்கள்.

சாதனங்கள் செருகப்படுவதைக் கவனிக்கும் யூடெவ் சேவையின் ரூலில் யுஎஸ்பி டிரைவை மவுன்ட் செய்தும் ஹோஸ்டில் காணவில்லை என்ற புகாருக்கும் விடை இதே. யூடெவ் சேவை தனக்கென ஒரு மவுன்ட் நேம்ஸ்பேஸில் ஓடுகிறது. அங்கே செய்த மவுன்ட் வெளியே பரவாது. ரூலில் மவுன்ட்டை நேரடியாக அழைக்காமல் சிஸ்டம்டி-மவுன்ட் கட்டளையைக் கூப்பிட்டால், வேலையை பிஐடி 1, அதாவது சிஸ்டம்டியே செய்யும். டிரைவ் எல்லாருக்கும் தெரியும்.