முதல் இரவு எங்கே தூங்கப் போகிறீர்கள்?

கோவையில் பொது மருத்துவராக இருக்கிறேன். சர்க்கரை, பிரஷர், காய்ச்சல் என்று வருகிறவர்களுக்கு நடுவில் சில வருடங்களாகப் புதிதாக ஒரு கூட்டம் வருகிறது. "டாக்டர், ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போறோம், ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட் வேணும்." நானும் இசிஜி எடுத்து, பிரஷர் பார்த்து, ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திருப்பூரிலிருந்து வந்த ஐந்து பேருக்கும் அப்படித்தான் கொடுத்தேன். அவர்கள் போய்வந்த பிறகுதான் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவே இல்லை என்று புரிந்தது.

ஐந்து பேரும் கல்லூரி நாளிலிருந்து நண்பர்கள், எல்லோருக்கும் 45 வயதை ஒட்டி. தொழிலில் இருப்பவர்கள், பத்து நாளுக்கு மேல் கடையை விட்டு நகர முடியாது. அதனால் பயண ஏற்பாட்டாளர் ஒரு வழி சொல்லியிருக்கிறார்: காத்மாண்டுவிலிருந்து ஹெலிகாப்டரில் நேராக ஸ்யாங்போச்சே, அங்கிருந்து வழிகாட்டியோடு நடை, திரும்பி வரும்போது பேஸ் கேம்ப்புக்கு முந்தைய கடைசி ஊரான கோரக் ஷெப்பிலிருந்து மறுபடி ஹெலிகாப்டர். நடக்க வேண்டிய நாட்கள் பாதியாகக் குறைந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

உயரக் கணக்கைப் பாருங்கள். காத்மாண்டு 1,400 மீட்டர். ஸ்யாங்போச்சே சுமார் 3,780. ஒரு மணி நேரத்துக்குள் 2,300 மீட்டருக்கு மேல் ஏறியாயிற்று. முதல் இரவு கும்ஜுங், கிட்டத்தட்ட அதே உயரம். அடுத்த இரவு தெங்போச்சே, 3,860. மூன்றாவது இரவு டிங்போச்சே, 4,410. வழக்கமாக நடந்து போகிறவர்கள் 2,860 மீட்டரில் இருக்கும் லுக்லாவில் இறங்கி, கொஞ்சம் கீழே போய் பாக்டிங்கில் தூங்கி, நாம்சேயில் (3,440) இரண்டு இரவு தங்கி, அப்புறம்தான் மேலே போவார்கள். டிங்போச்சே போய்ச் சேர ஐந்தாறு நாள் ஆகும். அந்த நாட்கள் வீணாகப் போகிற நாட்கள் என்று நினைக்கிறோம். உடம்பு வேலை செய்வதே அந்த நாட்களில்தான்.

என்ன வேலை என்று சொல்கிறேன். 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், 5,500-ல் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்ஸிஜன் குறைவதால் உடம்பு வேகமாக மூச்சு வாங்குகிறது. அப்படி வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, உடனே மூளை "போதும், நிறுத்து" என்று மூச்சைக் குறைக்கச் சொல்கிறது. இரவில் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும், திடுக்கென்று விழிப்பதும் இதனால்தான். இந்த இழுபறியைத் தீர்ப்பது சிறுநீரகம். அதிகப்படியான பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சிறுநீரில் வெளியேற்றி ரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறது, ஆனால் அதற்குச் சில நாட்கள் வேண்டும். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர் என்பதற்காக இது சீக்கிரம் முடிந்துவிடாது.

ஹெலிகாப்டரில் போகிறவர்களை ஏமாற்றுவது இறங்கியவுடன் இருக்கும் அந்த உற்சாகம். லேசாக மூச்சு வாங்கும், மற்றபடி ஒன்றும் தெரியாது, படம் எடுப்பார்கள், வீட்டுக்கு வீடியோ கால் போடுவார்கள். உயர நோய் தலைகாட்டப் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். பேஸ் கேம்ப்புக்குப் பக்கத்தில் இருக்கும் காலாபத்தர் மேட்டில் ஹெலிகாப்டரில் இறங்கி, சில நிமிடங்கள் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் தப்பிப்பது அதனால்தான். அதே உயரத்தில் படுத்துத் தூங்குவது வேறு.

திருப்பூர்க்காரர்களில் நன்றாக ஓடுகிறவர், அரை மாரத்தான் ஓடியவர், அவருக்குத்தான் முதல் இரவே தலைவலி. யாரிடமும் சொல்லவில்லை, பாராசிட்டமால் போட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் சாப்பாடு இறங்கவில்லை. கேட்ட நண்பரிடம், "தலைவலிதான் மாப்ள, தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றிருக்கிறார். தன்னால் பயணம் கெட்டுவிடக் கூடாது என்ற நினைப்பு. நண்பர்களோடு போகும்போது வருகிற ஆபத்து இது. தனியாகப் போகிறவர் பயந்து நின்றுவிடுவார், கூட்டத்தில் இருப்பவர் சிரித்துச் சமாளிப்பார்.

டிங்போச்சேயில் விடிந்தபோது அவருக்கு ஷூ லேஸ் கட்ட வரவில்லை. வழிகாட்டி, ஷெர்பா, அதைக் கவனித்துவிட்டு, தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லியிருக்கிறார். நான்காவது அடியில் சாய்ந்துவிட்டார். அது மூளையில் நீர் கோத்துக்கொள்ளும் நிலை. கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில் நினைவு தப்பி உயிர் போகலாம். ஹெலிகாப்டரைக் கூப்பிட்டார்கள், பள்ளத்தாக்கு முழுக்க மேகம், வர முடியவில்லை. ஹெலிகாப்டர் நம் ஊர் 108 மாதிரி இல்லை. மேகம் இறங்கினால் வராது, இரவில் எதிர்பார்க்கவே கூடாது.

பக்கத்து ஊரான பெரிச்சேயில் சீசன் நேரத்தில் மருத்துவர்கள் இருப்பார்கள். அங்கே அழைத்துப் போய் ஆக்ஸிஜனும், மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தும் கொடுத்து, அன்றே தோளில் தாங்கிக்கொண்டு 3,930 மீட்டரில் இருக்கும் பாங்போச்சேக்கு இறக்கிவிட்டார்கள். மாலையில் பேச்சு தெளிந்தது. மறுநாள் வானம் வெளுத்ததும் காத்மாண்டு.

அந்த வழிகாட்டி முதல் நாளே "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம், மெதுவாக, மெதுவாக என்று. மெதுவாகத்தான் நடந்தார்கள். ஏறியதுதான் வேகம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1962 சீனப் போரின்போதும் அதற்குப் பிறகும் நம் ராணுவ வீரர்கள் சமவெளியிலிருந்து அவசர அவசரமாக மலைக்கு ஏற்றப்பட்டார்கள். 11,000 முதல் 18,000 அடி உயரத்தில் நோயுற்ற 1,925 வீரர்களைப் பற்றி இந்தர் சிங் என்ற ராணுவ மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1969-ல் வெளியிட்ட ஆய்வை உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். இன்றைக்கு ராணுவத்தில் 9,000 அடியைத் தாண்டினால் ஆறு நாள், 12,000-ஐத் தாண்டினால் இன்னும் நான்கு நாள், 15,000-ஐத் தாண்டினால் இன்னொரு நான்கு நாள் என்று உடம்பைப் பழக்கிய பிறகுதான் மேலே அனுப்புகிறார்கள். பயிற்சி பெற்ற இருபது வயது ஜவானுக்கே அப்படி என்றால் நமக்கு?

நம் ஊரிலிருந்து நேபாள்கஞ்ச், சிமிகோட், ஹில்சா வழியாக ஹெலிகாப்டரில் கயிலாயம் போகிற பெரியவர்களுக்கும் இதே கணக்குத்தான். சமவெளியிலிருந்து புறப்பட்டு 3,600 மீட்டருக்கு மேல் போய் இறங்குகிறார்கள், அதிலும் பலர் இதய மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள். சிமிகோட்டில் கூடுதலாக ஓர் இரவு தங்க வைக்கச் சொல்லி ஏற்பாட்டாளரிடம் சண்டை போட்டாவது வாங்குங்கள்.

3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓர் ஓய்வு நாள். பகலில் எவ்வளவு மேலே ஏறினாலும் பரவாயில்லை, இரவு கீழே வந்து தூங்குங்கள். ஸ்யாங்போச்சேயில்தான் இறங்குவோம் என்றால்கூட அன்றே நாம்சேக்கு இறங்கிப் போய் இரண்டு மூன்று இரவு இருங்கள். முதல் இரவு மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம், இரண்டும் மூச்சை அடக்கும்.

டயமாக்ஸ் மாத்திரை (அசிட்டசோலமைடு) உண்மையில் உதவும், சிறுநீரகம் செய்யும் அந்த வேலையை அது முடுக்கிவிடுகிறது. வழக்கமாக 125 மில்லிகிராம் காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனி மரத்த மாதிரி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஆனால் மாத்திரை இருக்கிறதே என்று நாட்களைக் குறைக்காதீர்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரையும் ரொம்ப நம்ப வேண்டாம், நாம்சேயில் 85, 90 காட்டுவது சாதாரணம். எண் நன்றாக இருக்கிறது என்று தலைவலியோடு மேலே போனவர்களும் உண்டு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் இளஞ்சிவப்பு நுரை வந்தாலோ, நடை தள்ளாடினாலோ அந்த நிமிடமே கீழே இறங்க வேண்டும், நடு ராத்திரியாக இருந்தாலும். கூட ஒரு நண்பர் இறங்கியே ஆக வேண்டும், வழிகாட்டியோடு மட்டும் அனுப்பிவிட்டு மற்றவர்கள் மேலே போகக் கூடாது. அது யார் என்பதை முன்பணம் கட்டும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூர் குழுவில் கூட இறங்கியவர் பேஸ் கேம்ப் பார்க்கவே இல்லை, அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஐந்து பேரும் போன வாரம் மறுபடி வந்தார்கள். இந்த முறை லுக்லாவிலிருந்து நடை, மொத்தம் பதினான்கு நாள். சான்றிதழின் பின்பக்கத்தில் ஒவ்வோர் இரவும் தூங்கும் ஊரையும் அதன் உயரத்தையும் அவர்கள் கையாலேயே எழுத வைத்து, கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.