நிலம் தேறும்: ‘ரீவெஜிடேஷன்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

கோலாலம்பூர்ப் பக்கம் செராஸில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவு சென்ற மழைக்காலத்தில் சரிந்து விழுந்தது. மண்ணை வாரி அகற்றிய பிறகு, சரிவெங்கும் செடி வைக்கப்போவதாக மலாயில் ஓர் அறிவிப்பு வந்தது. அதைத் தமிழில் எழுதித்தரும் பொறுப்பு எனக்கு. ‘நிலமீட்புப் பணி’ என்று தலைப்பிட்டு மின்தூக்கி அருகே ஒட்டினேன். பினாங்கிலிருந்து வந்திருந்த பெரியம்மா அதைப் படித்துவிட்டு, “இங்கே ஏது கடல்? மலையில் எதைக் கொட்டி நிலத்தை மீட்கப்போகிறார்கள்?” என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பினாங்கில் ‘நிலமீட்பு’ என்றால் கடலில் மண்ணைக் கொட்டிப் புதிய நிலம் உண்டாக்குவது. தஞ்சோங் தோக்கோங் கடற்கரையை ஒட்டி எழுந்த அடுக்குமாடிகள் அப்படி உண்டான நிலத்தில்தான் நிற்கின்றன. செடி வைக்கப்போகிறார்கள் என்று நான் விளக்கியதும், “அப்படிச் சொல். மண்ணைத் தேற்றுகிறார்கள்” என்றார். செபராங் பிறையில் ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டு வேலை செய்தவர் அவர். நான் அகராதிகளில் தேடிக்கொண்டிருந்த சொல் அவருடைய வாயிலிருந்து எவ்வளவு எளிதாக வந்துவிட்டது!

‘ரீவெஜிடேஷன்’ என்பது சிதைந்த நிலத்தில் மீண்டும் செடிகொடிகளை வளர்த்து, மண்ணைப் பிடித்து நிறுத்தி, அதில் உயிர் ஓடச் செய்யும் வேலையின் பெயர். அதற்குள் இருக்கும் இலத்தீன் சொல் ‘வெஜிட்டாரே’. உயிரூட்டுவது, துடிப்பு உண்டாக்குவது என்பது அதன் பொருள். செடி என்ற பொருள் பின்னால் வந்தது. நான் முதலில் எழுதிய ‘நிலமீட்பு’க்கு ஆங்கிலத்தில் ‘ரீக்ளமேஷன்’. அதன் வரலாறு வேறு. பறந்துபோன வேட்டைப் பருந்தைக் கூவித் திரும்ப அழைப்பதற்கு இடைக்கால ஆங்கிலத்தில் வழங்கிய சொல்லோடு உறவுடையது அது. மலாயில் இதற்குச் சொல்லும் ‘தெபுஸ் குணா’வில் வரும் ‘தெபுஸ்’ அடகுக் கடையில் நகையை மீட்பது. நம் ‘மீட்பு’ம் அதே அடகுக் கடைச் சொல்தான். மூன்றிலும் போன பொருள் முன்பிருந்தபடியே கைக்குத் திரும்பி வருகிறது.

நிலம் அப்படித் திரும்பி வருவதில்லை. ‘மீள்தாவரமாக்கல்’, ‘மறுபசுமையாக்கல்’ போன்ற மொழிபெயர்ப்புகள் எனக்கு உவப்பாக இல்லாததற்கு இதுவே காரணம். ‘ரீ’ என்று கண்டால் உடனே ‘மீள்’ அல்லது ‘மறு’ போடுவது நமக்குப் பழகிவிட்டது. ‘தாவரம்’ என்பதும் ‘ஸ்தாவரம்’ என்னும் வடசொல்லின் திரிபு. ஓரிடத்தில் அசையாமல் நிற்பது என்று பொருள். ‘மீள்தாவரமாக்கல்’ என்று படிக்கும் தோட்டத்துப் பெண்மணிக்கு அதில் மண்ணும் தெரியாது, செடியும் தெரியாது.

சிதைந்த நிலம் என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து, ‘நல்லியல்பு இழந்து’ பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை சொல்கிறது. பாலை தனியே ஒரு நிலம் அன்று, நல்ல நிலம் கெட்டு அடையும் நிலை. ‘டிகிரேடட் லேண்ட்’ என்பதை ‘இயல்பிழந்த நிலம்’ என்று நாம் துணிந்து எழுதலாம். இயல்பிழந்தது மெல்லத் தேறுவதற்கு என்ன பெயர்? காய்ச்சலில் கிடந்த பிள்ளை தேறிவிட்டது என்கிறோம். வாடிய நாற்று தேறுமா, தேறாதா என்று பார்க்கிறோம். கலங்கிய நீரைத் தெளியவைக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். தேறுதலில் தழும்பு இருக்கலாம், பழைய உடம்பு அப்படியே வராமல் போகலாம், ஆனாலும் உயிர் ஊன்றிவிடுகிறது. மலாய்க்காரர்களும் இதே வழியில் சிந்தித்திருக்கிறார்கள். அவர்களுடைய ‘பெமுலிஹான்’ என்னும் சொல்லுக்குள் இருக்கும் ‘புலிஹ்’, நோயாளி குணமடைவதைக் குறிக்கும் சொல்.

தேறிய நிலத்தைப் பார்க்க விரும்புவோர் கோலாலம்பூரை ஒட்டிய கெப்போங்குக்குப் போகலாம். 1857இல் அம்பாங் பக்கம் ஈயம் தேடி வந்தவர்களால் உருவான ஊர் கோலாலம்பூர். லம்பங்கள் என்று இங்கே வழங்கும் ஈயச் சுரங்கங்கள் மேல்மண்ணை நீரால் பீய்ச்சிக் கரைத்து, ஈயத்தை எடுத்துக்கொண்டு, வெறும் மணலையும் குட்டைகளையும் விட்டுச்சென்றன. அந்த மணலில் நீர் நிற்காது, சத்து கிடையாது, நண்பகலில் கால் வைக்க முடியாது. கெப்போங்கில் அப்படிக் கைவிடப்பட்ட சுரங்க நிலமும் காய்கறித் தோட்டமுமாகக் கிடந்த இடத்தை 1926இல் வன ஆராய்ச்சிக்காகத் தேர்ந்தெடுத்து மரம் நடத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம். அதன் வனப்பூங்கா 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே கபூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு மரத்தின் கிளை நுனி அடுத்த மரத்தைத் தொடாமல் ஒதுங்கி, நடுவில் வானம் வாய்க்கால் வாய்க்காலாகத் தெரிந்தது. கபூர் என்பது நம் கற்பூரம்தான். பச்சைக்கற்பூரம் தந்த அந்த மரத்தின் நாடான சுமத்ராவின் பாருஸில், 1088ஆம் ஆண்டில் தமிழ் வணிகர்கள் பொறித்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கெப்போங்கில் இன்று நிற்பது சுரங்கத்துக்கு முன்பிருந்த காடு அன்று. நட்டு வளர்த்த காடு. அதை ‘மீட்ட காடு’ என்பது பொருந்தாது. மண் தேறியது, காடு புதிதாய் எழுந்தது.

எங்கள் சரிவுக்கு வருகிறேன். அங்கே நட்டது வெட்டிவேர். வேலை நடந்த இரண்டு நாளும் கூடவே இருந்து பார்த்தேன். தூரைப் பிரித்து, தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி, வேரை மூன்று விரற்கடைக்குக் கத்தரித்து, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வரிசையாக ஊன்றினார்கள். ஒரு நாற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு கைப்பிடி இடம்கூட இல்லை. மழைநீர் வேகமாக இறங்கும்போது இந்த வரிசை அதைத் தடுத்து, வண்டலைப் பிடித்துக்கொள்ளும். வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் ஓராண்டிலேயே மூன்று மீட்டர் போகும். 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அந்த வேரின் இழுவிசை வலிமை, அதாவது இழுத்தால் அறாமல் தாங்கும் திறன், சராசரியாக 75 மெகாபாஸ்கல். மென் எஃகின் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அது. 1990களின் தொடக்கத்திலேயே மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பி.கே. யூன் இந்தப் புல்லை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இவ்வளவு வேலை செய்யும் புல்லை உலகம் ‘வெட்டிவர்’ என்று அழைக்கிறது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொல் அது. வெட்டி எடுக்கும் வேர், வெட்டிவேர். பொறியியல் நூல்களிலேயே நம் சொல் நிற்கும்போது, அந்த வேலைக்கு மட்டும் தமிழில் பெயர் இல்லாமலிருப்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

பெரியம்மாவின் தோட்டத்தில் வேறு வகை. ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே பியூரேரியா, காலோபோகோனியம் போன்ற அவரைக் குடும்பக் கொடிகளைப் படரவிடுவார்கள். வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். இலை உதிர்ந்து மக்கும், லாலாங் என்னும் களைப்புல் தலையெடுக்காது. மலாயில் இவற்றுக்கு ‘பெனுத்துப் பூமி’, பூமியை மூடுபவை, என்று பெயர். தமிழில் மூடுபயிர்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாத சொல் ‘ஃபைட்டோரெமடியேஷன்’. கிரேக்கத்தில் ‘ஃபைட்டோன்’ செடி, இலத்தீனில் ‘ரெமடியம்’ மருந்து. மண்ணிலுள்ள உலோகத்தையும் நஞ்சையும் செடியைக் கொண்டு இழுப்பதையோ சிதைப்பதையோ குறிப்பது அது. சபாவில் நிக்கலை இலையில் ஒரு சதவீதத்துக்கும் மேல் சேர்த்துவைக்கும் ஒரு மரவகை இருக்கிறது. நம் கீழாநெல்லியும் அதே பேரினம்தான். இதற்குச் ‘செடிவழி நஞ்சகற்றல்’ போதும்.

நெடுஞ்சாலைச் சரிவுகளில் விதை, உரம், மரநார்க் கூழ் எல்லாவற்றையும் நீரில் கலந்து பச்சைச் சாயத்தோடு பீய்ச்சுகிறார்கள். அன்று மாலையே சரிவு பச்சையாகிவிடும். அந்த நிலையில் அதைப் பசுமையாக்கல் என்று சொல்லலாம். விதை முளைத்து, வேர் பிடித்து, அடுத்த மழையை மண் தாங்கிய பிறகே தேற்றல் என்பேன்.

சொல்லின் வடிவத்தில் ஒரு சிக்கல் உண்டு. ‘தேற்றம்’ ஏற்கெனவே கணிதத்துக்குப் போய்விட்டது, மாணவர்கள் பித்தகோரஸ் தேற்றம் படிக்கிறார்கள். ஆகவே ‘நிலந்தேற்றல்’ என்று எழுதுகிறேன். செடியால் செய்வதை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘செடிவழி நிலந்தேற்றல்’. தானாக நிகழ்வதற்கு ‘நிலம் தேறுதல்’.

மின்தூக்கி அருகே ஒட்டியிருந்ததைக் கிழித்துவிட்டு மறுநாள் இப்படி எழுதி ஒட்டினேன்: ‘பின்புறச் சரிவில் வெட்டிவேர் நட்டு நிலந்தேற்றும் பணி நடக்கிறது. மண் தேற ஓராண்டு ஆகும். அதுவரை செடி வரிசைகளின் மேல் நடக்க வேண்டாம்.’