நள்ளிரவு விமானமும் தினசரிக் காலண்டரும்

காரைக்குடியில் விமான டிக்கெட் எடுத்துத் தருவது என் தொழில். "சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரம்?" என்று கேட்காமல் யாரும் பணத்தை எடுப்பதில்லை. திருச்சியிலிருந்து வான்வழியே ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் நாலேகால் மணி நேரம் ஆகும். கோலாலம்பூர் இன்னும் முந்நூறு கிலோமீட்டர் கிட்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் உயரே கிழக்கிலிருந்து காற்று வீசும். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது அதுவே தள்ளிவிடும். அதனால் சில நிமிடங்கள் கூடும், குறையும். பெரிதாக ஒன்றும் இல்லை.

டிக்கெட்டைப் படிப்பதில்தான் வம்பு. புறப்பாடு 00:50, இறக்கம் 07:40 என்று இருந்தால் ஏழு மணி நேரப் பயணம் என்று பயந்துவிடுகிறார்கள். அந்தந்த ஊர்க் கடிகாரப்படியே நேரம் அச்சாகிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம். திரும்பும் டிக்கெட்டில் 19:30க்கு ஏறி 21:15க்கு இறங்குவதாக இருக்கும். அங்கே இரண்டரையைக் கூட்ட வேண்டும்.

இதில் குழம்பினால் நஷ்டம் இல்லை. தேதியில் குழம்பினால் உண்டு. மகள் பிரசவத்துக்குப் போக வந்த தேவகோட்டை ஆச்சி ஒருவர், 15ஆம் தேதி 00:50 என்ற டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்போ பதினைந்தாம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாமே, தம்பி" என்றார்.

"ஆச்சி, நீங்கள் சாப்பிட உட்காரும்போது அந்த விமானம் சிங்கப்பூரில் இறங்கி அரை நாளுக்கு மேல் ஆகியிருக்கும்."

அவர் நம்பவில்லை. எழுந்துபோய்ச் சுவரில் இருந்த காலண்டரில் 14ஆம் தாளைத் தூக்கிப் பிடித்து, 15ஐத் தடவிப் பார்த்தார். அவர் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயத்தில்தான் நாள் பிறக்கிறது. வீட்டிலும் விடிந்த பிறகுதான் தாளைக் கிழிக்கிறோம். விமான நிறுவனமோ நள்ளிரவு பன்னிரண்டுக்கே தாளைக் கிழித்துவிடுகிறது. நம் பக்கத்திலிருந்து கிழக்கே போகும் விமானங்கள் பலவும் இரவு நேரத்தில்தான் கிளம்புகின்றன என்பதால் இந்தத் தவறு ஓயாமல் நடக்கிறது. ஒரு நாள் தாமதமாகப் போய் நின்றால் டிக்கெட் பணம் பெரும்பாலும் போனதுதான். ஒரே பதிவில் எடுத்திருந்தால் திரும்பும் டிக்கெட்டும் பெரும்பாலும் சேர்ந்தே ரத்தாகும்.

ஆகவே இப்போதெல்லாம் டிக்கெட்டின் தலையில் பேனாவால் ஒரு வரி எழுதித் தருகிறேன்: "14ஆம் தேதி இரவு 7.45க்கு வீட்டு வாசலில் கார்." மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரவும், காரைக்குடியிலிருந்து சாலைக்கு இரண்டு மணி நேரமும் சேர்த்த கணக்கு அது. டிரைவரிடமும் அதே வரியைப் படித்துக் காட்டுங்கள். புதுக்கோட்டைச் சாலையில் போனால் திருச்சி ஊருக்குள் நுழையும் முன்பே விமான நிலையம் வந்துவிடுகிறது. 2024 ஜூனில் புதிய முனையம் திறந்துவிட்டது. பழைய வாசலைத் தேடி நிற்க வேண்டாம்.