பழைய மின்சாதனத்தில் முதலில் கெடுவது எது?

ஐம்பது ஆண்டான மேசை மின்விசிறி இன்றும் சுற்றுவதில் வியப்பில்லை. செம்புச் சுருளும், அச்சைத் தாங்கி அவ்வப்போது எண்ணெய் கேட்கும் புஷ்ஷும்தான் அதன் மோட்டார். கார்பன் பிரஷ் கிடையாது, தேய அதிகமில்லை. ஆனால் சுற்றுகிறது என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது.

வயதாவது மின்காப்புக்கு. அந்தக் காலத்து வயர்கள் பலவற்றின் மேலுறை ரப்பர். காற்றின் ஆக்ஸிஜன் பட்டுப்பட்டு அது இறுகி, வளைத்த இடத்தில் வெடித்து உதிரும். சூடு இதை விரைவாக்கும்: 10 டிகிரி செல்சியஸ் கூடினால் காப்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. ஆகவே வெளியே பளபளக்கும் வயரை நம்பாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டாரை ஒட்டிய பகுதியையும் பாடிக்குள் வயர் நுழையும் துளையையும் பாருங்கள். லேசாக வளைத்ததும் கீறல் விழுந்தால் டேப் சுற்றிப் பயனில்லை. முழு வயரையும் மாற்ற வேண்டும்.

உலோக பாடியும் இரண்டு பின் பிளக்கும் சேர்ந்த சாதனம்தான் அதிகம் அச்சுறுத்துவது. காப்பு ஓரிடத்தில் விட்டாலே பாடி முழுவதும் மின்சாரம் ஏறும், எர்த் இணைப்பு இல்லாததால் ஃபியூஸும் போகாது.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதாது. அது சில வோல்ட்டில்தான் அளக்கிறது. 500 வோல்ட் செலுத்திக் காப்பின் தடையை அளக்கும் மெக்கர் என்ற கருவி வேண்டும். சாதனத்தின் சுவிட்சைப் போட்ட நிலையில், பிளக்கின் இரு பின்களையும் சேர்த்து ஒரு முனையிலும், பெயிண்ட் சுரண்டிய பாடியை மறுமுனையிலும் இணையுங்கள். தடை 1 மெகாஓமுக்குக் (பத்து லட்சம் ஓம்) குறையக் கூடாது. அந்த அளவில் 230 வோல்ட்டுக்கு 0.23 மில்லியாம்பியர்தான் கசியும். ஏறக்குறைய 0.5 மில்லியாம்பியரில் உடல் அதை உணரத் தொடங்கும். 10-ஐ நெருங்கினால் தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். நெடுநாள் கிடந்த ஹீட்டர் குறைவாகக் காட்டினால், எலிமெண்டுக்குள் ஈரம் ஏறியிருக்கலாம். உலர்த்தி மீண்டும் அளந்து பாருங்கள்.

புது வயர் போடும்போது மூன்று கோர் கேபிள் போட்டு, எர்த்தை வெறும் உலோகத்தில் பல் வாஷருடன் முறுக்குங்கள். எர்த் வயர் மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக இருக்கட்டும். கேபிள் இழுபட்டால் அது கடைசியாகத்தான் அறும். சதுரத்துக்குள் சதுரம் குறியிட்ட இரட்டைக் காப்புச் சாதனத்துக்கு எர்த் தேவையில்லை. இஸ்திரிப்பெட்டிக்குள் பிவிசி வயர் உருகிவிடும், சிலிக்கோன் ரப்பர் உறையிட்ட வயர்தான் தாங்கும்.

பழைய இஸ்திரிப்பெட்டியிலோ டோஸ்டரிலோ வெண்சாம்பல் நார் தென்பட்டால் சுரண்டாதீர்கள். அது கல்நாராக இருக்கலாம். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகும்.