டேப்பட் சத்தம் கொஞ்சம் இருக்கட்டும்

"ஏனுங்க, போர் போயிருச்சுன்னு சொல்லிப்போட்டாங்க. இஞ்சினை இறக்குனா எட்டாயிரம் ஆகுமாம்." கோபிசெட்டிபாளையம் பக்கம் பால் ஊற்றும் அண்ணன் ஒருவர் போன மாதம் பட்டறைக்கு வந்து சொன்னது. போர் என்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உள்துளை, அது தேய்ந்துவிட்டதாம். 100 சிசி வண்டி, இரண்டு பக்கமும் கேன் மாட்டும் கொக்கி. ஸ்டார்ட் செய்ததும் இஞ்சினின் உச்சியில், ஹெட்டில், 'கட கட'வென்று, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி சத்தம்.

"ஆயில் பார்த்தீங்களாண்ணா?"

"நேத்துக்கூட பார்த்தனுங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்குது."

எப்படிப் பார்த்தார் என்று செய்துகாட்டச் சொன்னேன். ஆயில் அளக்கும் ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்தார். திரும்ப உள்ளே விட்டு, மரை முழுக்கத் திருகி, எடுத்து நீட்டினார். கோட்டுக்கு நடுவில்தான் ஆயில். பிசகு அங்கேதான். அவர் வண்டியில் ஸ்டிக்கைத் திருகக் கூடாது. மரை வாயில் சும்மா உட்கார வைத்து எடுக்க வேண்டும். திருகினால் குச்சி இன்னும் ஆழம் இறங்கி, இல்லாத ஆயிலை இருக்கிறதாகக் காட்டிவிடும். நான் திருகாமல் வைத்து எடுத்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே, நுனியில் மட்டும் ஈரம்.

வடித்துப் பார்த்தால் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் தேறியது, தார் மாதிரி. ஆயில் மாற்றி 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிட்டதாம். ஆயில் குறைந்தால் முதலில் காய்வது உச்சியில் வால்வுகளைத் திறந்து மூடும் கேமும் ராக்கர் ஆர்மும்தான். அவை போடுகிற கூச்சலைத்தான் டேப்பட் சத்தம் என்போம். அதுதான் அவருக்கு 'போர்' என்று விற்கப்பட்டது.

எந்த வண்டியானாலும் மெயின் ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்க இன்னும் இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். திருக வேண்டுமா வேண்டாமா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் போட்டிருக்கும். ஆயில் அளவு வெளியே தெரியக் கண்ணாடி வைத்த இஞ்சின் என்றால் இந்தக் குழப்பமே இல்லை.

ஆயில் சரியாக இருந்தும் சத்தம் வருகிறதா? அப்போது 'எங்கே' என்று தேடுவதற்கு முன்னால் 'எப்போது' என்று கவனியுங்கள். காலையில் குளிர்ந்த இஞ்சினில் 'டக் டக்'கென்று வந்து, சூடேறியதும் அடங்கினால் பிஸ்டன் சிலிண்டரில் தட்டுகிறது. தேய்மானம் ஆரம்பம், அவசரமில்லை. கிளட்சைப் பிடித்ததும் சத்தம் மாறினால் கிளட்ச் பக்கம் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டரை விடும்போது சங்கிலி உரசுகிற மாதிரி கேட்டால் கேமைச் சுற்றும் டைமிங் செயினோ, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ. மேட்டில் டாப் கியரிலேயே இழுக்கும்போது 'கிணி கிணி' என்றால் பல நேரம் குற்றம் வண்டியுடையதே அல்ல, ஒரு கியர் குறையுங்கள்.

டேப்பட்டைப் போலவே ஏமாற்றுவது சைலன்சர் வளையக் கசிவு. புகை வெளியேறும் பெண்டு பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் கரி படிந்திருந்தால் அதுதான். கேஸ்கட் மாற்றினால் முடிந்தது.

பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான். இஞ்சினின் அடிவயிற்றிலிருந்து கனமாக 'டொக் டொக்', ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடுகிறது என்றால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். அதை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். குட்டியானையில் ஏற்றி வாருங்கள். அப்படியே ஓட்டி ராடு உடைந்தால் இஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

பட்டறையில் நாங்கள் நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஹெட்டிலும், கிளட்ச் கவரிலும், மேக்னெட் கவரிலும் மாற்றி மாற்றி வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்போம். நீங்களும் கேட்கலாம், சுடும் சைலன்சரில் முழங்கை படாமல். இதைக்கூடச் செய்யாமல் வண்டியைப் பார்த்த இரண்டாவது நிமிடத்தில் "போர் அடிக்கணும்" என்பவரிடம் நான் சாவியைக் கொடுக்க மாட்டேன். அப்படி உண்மையிலேயே இறக்கினால், பழைய பிஸ்டனையும் ரிங்கையும் கேட்டு வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள்.

பால்கார அண்ணனுக்கு ஆயில் ஊற்றி, வண்டி ஆறியபின் டேப்பட் கவரைக் கழற்றினேன். பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும், மேக்னெட்டில் உள்ள 'டி' குறியைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, இரண்டு ராக்கரும் விரலுக்கு லேசாக ஆடுகிறதா என்று பார்த்து, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே 0.08 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் தகட்டை, விட்டேன். ஒரு தலைமுடி கனம்தான். தகடு லேசான பிடிப்போடு நகர வேண்டும். புகையை வெளியே விடும் எக்சாஸ்ட் வால்வு பக்கம் தகடு ஆடிக்கொண்டு போனது. சரி செய்து ஸ்டார்ட் போட்டதும் கூழாங்கல் சத்தம் போய்விட்டது.

"இன்னும் லேசா டிக் டிக்னு கேக்குதுங்களே. அதையும் நிறுத்திப்போடுங்க."

"அது இருக்கட்டுங்கண்ணா."

நிறுத்துவது சுலபம், ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதும். ஆனால் வால்வு சூட்டில் நீளும். இடைவெளி இல்லையென்றால் மூடும்போது தன் சீட்டில், அதாவது இருக்கையில், முழுதாக உட்காராது, கம்ப்ரஷன் கசியும். எக்சாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பதே அந்த இருக்கையில் உட்காரும்போதுதான். உட்காராத வால்வு கருகும். வண்டி சூடாக இருக்கும்போது கிக்கருக்கு மசியவில்லை, ஐட்லிங்கில் நின்றுபோகிறது என்று வரும் வண்டிகளில், 'சத்தமே வரக்கூடாது' என்று எங்கேயோ டேப்பட் இறுக்கியவை நிறைய.

ஆயிலும் கூலியும் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது. வாரம் ஒருமுறை அளவு பாருங்கள், குறைந்துகொண்டே போனால் ரிங்கைச் சந்தேகப்படலாம் என்று சொன்னேன். கேனை மாட்டிக் கிளம்பப் போனவரை நிறுத்தி, ஸ்டிக்கை இன்னொரு தடவை வைத்துக் காட்டச் சொன்னேன். பழக்கத்தில் கை திருகப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டு சிரித்தார்.