பெயரில்லாத டப்பாவும் பெயர் தெரியாத கிளாசும்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் ஃபார்மசியில் அந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். “அக்கா, முகம் சீக்கிரம் வெளுக்கிற மாதிரி ஏதாவது இருக்கா? விலை கம்மியா.” கேட்பவர்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான் எனப்படும் குடியிருப்புகளிலும் வளர்ந்த பெண்கள். பலருக்குப் பக்கத்து நகரமான ஈப்போவில் வேலை. சிலர் மோட்டாரில் போய் வருகிறார்கள், சிலர் அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். சொந்தச் சம்பளம் கைக்கு வந்ததும் ஒரு லிப்ஸ்டிக், ஒரு முகக் கிரீம், தோழிகளோடு ஒரு சனிக்கிழமை இரவு, மேசை நிறைய வண்ண வண்ணமாய்க் காக்டெய்ல். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அழகாக இருக்க ஆசைப்படுவதும், உழைத்த காசில் கொஞ்சம் சந்தோஷமாக இருப்பதும் அவர்கள் உரிமை.

ஆனால் மருந்தாளுநராக நான் பார்ப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த இரண்டிலும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வரும் கேடு, பெரும்பாலும் மறைத்துச் செய்வதால் வருகிறது. வீட்டில் திட்டுவார்கள் என்று கிரீமை யாரோ ஒருவரிடம் வாட்சப்பில் சொல்லி வாங்குகிறார்கள். முந்தைய இரவு குடித்ததைச் சொல்லாமல் என்னிடம் தலைவலி மாத்திரை கேட்கிறார்கள். கடைசியில் எதைப் பூசினோம், எதைக் குடித்தோம் என்பது அவர்களுக்கே தெரிவதில்லை.

என் கௌண்டருக்கு வந்து சேரும் டப்பாக்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, மூடியில் தங்க நிற ஸ்டிக்கர், அதில் ‘நைட் கிரீம்’ என்று மட்டும். தயாரித்தவர் பெயர் கிடையாது, என்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலும் கிடையாது. ஒரு பெண் கொண்டுவந்த டப்பாவோடு சின்னத் துண்டுச் சீட்டு ஒன்றும் இருந்தது. பூசும்போது தங்க நகையைக் கழற்றி வைக்கச் சொல்லியிருந்தது. விற்றவர் அக்கறையாக எழுதியிருக்கிறார் என்று அவள் நம்பியிருந்தாள். பாதரசம் பட்டால் தங்கம் வெளிறிக் கெட்டுப்போகும். அப்படி ஓர் எச்சரிக்கையைப் பார்த்தால் அந்த டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

பாதரசம் முகத்தை வெளுக்க வைக்கும் என்பது உண்மைதான். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக உதவும் நொதியை அது முடக்கிவிடுகிறது. அதனால்தான் சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரிகிறது, தோழிக்குத் தோழி கைமாறுகிறது. ஆனால் தோல் வழியாக உள்ளே போகும் பாதரசம் சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. கேரளாவில் கோட்டக்கல்லில் உள்ள சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த 22 பேரின் நிலையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். எல்லாருக்கும் சிறுநீரில் புரதம் கசியும் ஒரு நோய். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். காலையில் எழுந்ததும் இமை வீங்கியிருக்கிறதா, மாலையில் கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுகிறதா, சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். இதில் ஏதாவது இருந்து நீங்கள் இப்படியான கிரீமும் பூசுபவராக இருந்தால், டப்பாவோடு கிளினிக்குக்குப் போங்கள். சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்தினால் தேற வாய்ப்பு அதிகம்.

பாதரசம் இல்லாத திருட்டுக் கிரீம்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டோ ஹைட்ரோகுவினோனோ இருக்கும். இவை மருந்துகள், மருத்துவர் அளவு பார்த்து, நாள் கணக்கு வைத்துத் தருபவை. ஸ்டீராய்டு பூசும்வரை முகம் கண்ணாடி மாதிரி பளபளக்கும். நிறுத்தினால் எரியும், சிவக்கும், பரு வெடிக்கும். உடனே மறுபடியும் பூசத் தோன்றும். மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து கன்னத்தில் மெல்லிய சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும். அதற்கப்புறம் பழைய முகத்துக்குத் திரும்ப ரொம்பப் பொறுமை வேண்டும்.

மலேசியாவில் விற்கும் ஒவ்வோர் அழகுப் பொருளும் என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவித்து எண் பெற்றிருக்க வேண்டும். என்-ஓ-டி என்ற மூன்று எழுத்தில் தொடங்கி, நடுவில் இலக்கங்கள் வந்து, கே என்ற எழுத்தில் முடியும். அந்த எண்ணையோ பொருளின் பெயரையோ என்பிஆர்ஏ இணையத்தளத்தில் போட்டுத் தேடலாம், கைபேசியிலேயே முடியும் வேலை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். எண் இருப்பதால் அரசாங்கம் பரிசோதித்து நல்லது என்று சொல்லிவிட்டதாக அர்த்தமில்லை. நிறுவனம் தன் பொறுப்பில் அறிவிக்கிறது. சந்தையில் எடுத்துச் சோதிக்கும்போது நச்சு இருந்தால் என்பிஆர்ஏ எண்ணை ரத்து செய்யும். ஆகவே எண் இருக்கிறதா என்பதோடு, அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணே இல்லாத டப்பா என்றால் யோசிக்கவே வேண்டாம்.

சரி, குறைந்த விலையில் நல்லது எது? இதைக் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும், ஏனென்றால் நிறையவே இருக்கிறது. சின்ன டப்பா பெட்ரோலியம் ஜெல்லி உதட்டுக்கும் குதிகால் வெடிப்புக்கும் போதும், லிப்ஸ்டிக்குக்கு முன்னால் கொஞ்சம் தடவித் துடைத்தால் உதடு வறண்டு உரியாது. வாசனை இல்லாத மென்மையான ஃபேஸ்வாஷ் ஒன்று. பரு போன இடத்தில் தங்கும் கறுப்புத் தழும்புக்கு நியாசினமைடு என்ற வைட்டமின் பி3 சேர்ந்த கிரீம். நம் நாட்டில் உருவான பிராண்டான சில்கிகேர்ளில் நம் நிறத்துக்கு அழகாக எடுக்கும் லிப்ஸ்டிக்குகள் உண்டு. தேங்காய் எண்ணெயைத் தலைமுடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பரு வரும் முகத்துக்கு வேண்டாம், துளை அடைக்கும்.

எல்லாவற்றையும்விட நான் கெஞ்சிக் கேட்பது சன்ஸ்கிரீனுக்காக. கறுப்பாக இருப்பவர்களுக்கு அது எதற்கு என்று கேட்கிறார்கள். நம் தோலில் ஒரு சின்னப் பரு வந்து போனாலும் தழும்பு கறுத்து நிற்கும். அதை மேலும் கறுக்க வைப்பது வெயில். காலை எட்டு மணிக்கு மோட்டாரில் ஈப்போவுக்குப் போகும் முகத்துக்கு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் வேண்டும். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. துத்தநாகம் கலந்தது பூசினால் முகம் சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஜெல் வகையை எடுங்கள், நம் நிறத்தில் தெரியாது. லேசாக நிறம் சேர்த்த வகை கிடைத்தால் இன்னும் நல்லது. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு, தழும்பைக் கறுக்க வைக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். ஃபார்மசிகளின் சொந்தப் பிராண்டே போதும்.

தீபாவளிக் கடைகளில் விற்கும் ‘கறுப்பு மருதாணி’ பற்றியும் ஒரு வார்த்தை. மருதாணி இலையிலிருந்து ஆரஞ்சும் செம்பழுப்பும்தான் வரும். கறுப்பாகப் பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் முடிச் சாயத்தில் போடும் பிபிடி கலந்திருக்கும். கையில் கொப்புளம் வந்து, அப்புறம் வாழ்நாள் முழுக்க முடிச் சாயமே ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் உண்டு.

இனி காக்டெய்ல்.

எங்கள் ஊரில் குடி என்றாலே பல வீடுகளில் அப்பாவின் குடிதான் நினைவுக்கு வரும். சம்சு என்ற மலிவுச் சாராயம் தோட்டக் குடும்பங்களுக்குச் செய்ததை நாங்கள் எல்லாரும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். அதனால் மகள் ஒரு கிளாசைத் தொட்டாள் என்று கேட்டதும் அம்மாவுக்கு நெஞ்சு பதறுகிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தால் வீட்டில் பேச்சே நின்றுபோகிறது. பெண்பிள்ளைக்கு யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதுதான் வேதம்.

குடிக்காமல் இருப்பதே உடம்புக்கு நல்லது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியது. மார்பகப் புற்றுநோய்க்கான ஆபத்து குறைந்த அளவிலேயே தொடங்கிவிடுகிறது. நம் நாட்டில் 2017 டிசம்பர் 1 முதல் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மது விற்கக் கூடாது. இவ்வளவும் தெரிந்து, வயதும் வந்து, எப்போதாவது ஒன்று குடிக்கலாம் என்று முடிவெடுப்பவர் கணக்குத் தெரிந்து குடிக்க வேண்டும்.

10 கிராம் ஆல்கஹாலை ஓர் அளவு என்று வைத்துக்கொள்வது வழக்கம். மொஹிட்டோ என்ற காக்டெய்லில் முறைப்படி 45 மில்லி ரம். அதாவது சுமார் 14 கிராம். ‘லாங் ஐலண்ட் ஐஸ் டீ’ என்ற காக்டெய்லின் பெயரில் டீ வந்தாலும் அதில் தேயிலையே கிடையாது. வோட்கா, ஜின், ரம், டெகிலா, ஆரஞ்சு மது என்று ஐந்தும் தலா 15 மில்லி; கிட்டத்தட்ட 24 கிராம். பார்க்காரர் தாராளமாக 30, 30 ஆக ஊற்றினால் ஒரே கிளாசில் ஐந்து அளவை நெருங்கிவிடும். கோலாவும் எலுமிச்சையும் காரத்தை மறைத்துவிடுவதால் நாக்குக்குத் தெரியாது. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம்வரைதான் கரைக்கும். கறுப்புக் கோப்பி குடித்தாலும் குளித்தாலும் அந்த வேகம் கூடாது. பெண்களின் உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே கிளாஸ், அதே எடையுள்ள ஆணைவிட நமக்கு அதிகமாக ஏறும். ‘லேடீஸ் நைட்’ என்று ஜக்கில் வைத்துப் பகிர்ந்து குடித்தால் கணக்கு சுத்தமாகப் போய்விடும். தனிக் கிளாசாகக் கேளுங்கள், சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள், கழிவறைக்குப் போய் வந்தபின் பழைய கிளாசைத் தொடாதீர்கள். வண்டியோட்டுபவர் குடிக்கவே வேண்டாம். 2020 அக்டோபரிலிருந்து சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராமாகக் குறைந்துவிட்டது.

இப்போது என் கௌண்டரில் நான் அதிகம் கவலைப்படும் இடம். அழகுக்கும் மதுவுக்கும் நடுவில் மருந்து இருக்கிறது. பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது ஏற்கெனவே கல்லீரலையும் ரத்தக் கொழுப்பையும் பதம் பார்க்கக்கூடியது. மேலே மதுவும் வேண்டாம். கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடும் ஊனம் வரும் என்பதால் அது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே சாப்பிட வேண்டியது. அதையும் இணையத்தில் வாங்கிச் சாப்பிடும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தொற்றுக்கு மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் மருந்து முடிந்து இரண்டு மூன்று நாள்வரை மது வேண்டாம். அரிப்புக்கு பிரிட்டான் மாத்திரை போட்டுவிட்டுக் குடித்தால் தூக்கம் இரட்டிப்பாகும். மாதவிலக்கு வலிக்குப் போடும் பொன்ஸ்டான், மதுவோடு சேர்ந்தால் குடலில் புண்ணும் ரத்தக் கசிவும் வரலாம். என்னிடம் “நேத்து ராத்திரி குடிச்சேன்கா” என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும். கௌண்டரில் சொல்வது கௌண்டரோடு நிற்கும். ஊரில் யாருக்கும் போகாது.

கடைசியாக, மலிவு மது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்று வட்டாரத்திலும் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் கலந்த மலிவு மதுவால் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியங்கில், மெத்தனால் கலந்ததாகச் சந்தேகிக்கப்படும் மதுவுக்குப் பலியான 6 சுற்றுப்பயணிகளில் 5 பேர் இளம் பெண்கள். மெத்தனாலை வாசனையாலோ ருசியாலோ பிரித்தறிய முடியாது, காக்டெய்லில் சுத்தமாகவே முடியாது. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அது கண் நரம்பைத் தாக்கும். குடித்து 12 முதல் 24 மணி நேரம்வரை ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். சாதாரண மதுவும் சேர்ந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். மறுநாள் மதியம் வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், பனி மூட்டத்துக்குள் பார்ப்பதுபோல மங்கலான பார்வை என்றால் அதைக் குடித்த அசதி என்று படுத்துத் தூங்காதீர்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு, ஆனால் மணிக்கணக்குதான் அவகாசம். 999-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே போங்கள். வயது 21 ஆகவில்லையே, அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்காதீர்கள். எப்போது குடித்தீர்கள், எவ்வளவு, உங்களோடு யாரெல்லாம் குடித்தார்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். கண் மங்காதவர்களையும் கூடவே கூட்டிப் போங்கள். பாட்டிலில் மிச்சம் இருந்தால் கொட்டாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.